எட்டாத எட்டு

ஒசாகாவில் மூன்று வருடம் தட்டு கழுவிவிட்டு
தெல்கெர்மா கொண்டுவந்தது ஒரு நிக்கான்.
உடல் மட்டும்.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் துளை.
"லென்ஸுக்குக் காசு பற்றவில்லை அக்கா,
உன்னிடம்தான் ஒன்று இருக்கிறதே."

இருந்தது.
முப்பத்தைந்து பாகை உறைகுளிரில்
திரைச்சீலை சருகாய்க் கிழிந்து செத்துப்போன
ஜெனித்தின் வாயில், ஹீலியோஸ்.

எர்டெனெட் செம்புச் சுரங்கத்தின்
பழுதுப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவள் நான்.
ஆளுயர அச்சுகளைத்தான் கடைந்திருக்கிறேன்.
லுவ்சான் தேநீருக்குப் போன இரவில்
கழிவுப் பெட்டியிலிருந்து ஒரு பித்தளைத் துண்டு எடுத்து
(எடுத்து என்று சொல்கிறேன்)
உள்ளே ரஷ்ய மரை,
வெளியே ஜப்பானியக் காதுகள் மூன்று.
அரத்தால் காதுகளை ராவி ராவி
நான்காம் முறை 'க்ளிக்' என்று உட்கார்ந்தது.

வாசலில் நின்று மலையைப் பார்த்தேன்.
மலை இல்லை.
வளையத்தைக் கோடிவரை திருகினேன்.
படுத்துக் கிடக்கும் எட்டின்மேல்
புள்ளி சரியாகத்தான் நிற்கிறது.
எட்டுதான் எட்டவில்லை.

கணக்கு எளிது.
ஜெனித்தின் வாயிலிருந்து ஃபிலிம்வரை நாற்பத்தைந்தரை.
நிக்கானில் நாற்பத்தாறரை.
ஒரு மில்லிமீட்டர்.
மரையில் ஒரே ஒரு சுற்று.
கூட்டவேண்டும் என்றால் கூட்டித் தருவேன்.
குறைக்கவேண்டிய இடத்தில்
வளையம் என்ன செய்யும், பாவம்.

மூன்று மீட்டருக்கு அப்பால் உலகம் பால்.
துளையைப் பதினாறுக்கு இறுக்கினால்
இன்னும் மூன்று மீட்டர் தெளியும்,
பிறகு மறுபடி பால்.
குதிரை பால், சாலை பால், தொடுவானம்
எங்கே இருந்தது என்று சொல்லமுடியாத பால்.
இந்தப் புல்வெளியில்
மூன்று மீட்டருக்குள் என்னதான் இருக்கிறது?
ஒரு கெர்.
அடுப்பு, அதைச் சுற்றிய ஆட்கள்.

அதையே எடுத்தேன்.
கொட்டாவி விடும் என் கணவன்.
கம்பளிச் சுவரில் தையல் பிரிந்த இடம்.
தேநீரின் மேல் மிதந்த ஆடை.
சிரிக்கும் தெல்கெர்மா:
மேல்வரிசையில் ஒரு பல் முனை உடைந்திருந்தது.
"எப்போது?"
"ஒசாகாவில்."
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
நான் அடுத்த ஃபிரேமுக்கு நெம்புகோலைத் தள்ளினேன்.

பேருந்து நிலையத்தில் மிச்சம் நான்கு.
ஒன்றில் அவள் கண்ணிமையை எண்ணலாம்.
இரண்டில் மேலங்கியின் பொத்தானை எண்ணலாம்.
மூன்றில் அது அவள் என்று எனக்குத் தெரியும்,
வேறு யாருக்கும் தெரியாது.
நான்கை, சமையலறைத் தொட்டியில் கழுவி
வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
கறை போல ஒன்று.
பேருந்தாக இருக்கலாம்.

திங்கட்கிழமை வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.
லென்ஸைப் பிரித்து,
கண்ணாடிகளைக் கைக்குட்டையில் சுற்றி மதிய உணவுப் பெட்டிக்குள் வைத்து,
குழலைத் தோல்துண்டில் பொதிந்து
மூன்று தாடைகளுக்கு இடையில் கொடுத்தேன்.
வெட்டினால் பிறகு ஜெனித்துக்கு ஆகாது.
ஜெனித் செத்துவிட்டது, தெரியும்.
இருந்தாலும் லேத்தை இரண்டு முறை நிறுத்தினேன்.

கண்ணாடி உட்காரும் விளிம்பில்
ஒரு மில்லிமீட்டரும் இன்னும் கொஞ்சமும்.
சுருள் சுருளாய் உதிர்ந்த அலுமினியம்
ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது.

மேலெழும் ஆடி பின்கண்ணாடியில் இடிக்குமோ என்று
காதை வைத்துக் கேட்டபடி அழுத்தினேன்.
இடிக்கவில்லை.

பட்டறை வாசலுக்கு வந்தேன்.
வளையத்தைக் கோடிக்குத் திருகினேன்.
அனல்நிலையத்தின் புகைபோக்கி வந்தது,
அதன் சிவப்புப் பட்டைகள் ஒவ்வொன்றாக.
மலை வந்தது, மலைமேல் மின்கம்பங்கள் வந்தன.
தலைநகர் போகும் சாலை வந்தது,
நூல் பிடித்தாற்போல், கடைசி வளைவுவரை.

சாலையில் ஒரு தண்ணீர் லாரி மட்டும்
போய்க்கொண்டிருந்தது.
அதன் எண்ணைக்கூடப் படிக்கமுடிந்தது.