கம்பளையில் இல்லாத குறை

விடியற்காலை ஐந்தேமுக்காலுக்கு
ரதல்ல ஏற்றத்தில், மூன்றாவது வளைவில்
நிற்கும்.
பின்னால் கோவா லொறி ஹோர்ன் அடிக்கும்.
சாவியைத் திருப்பினால் ஒரு இருமல், அவ்வளவுதான்.
பனி விலகி பொனட்டில் வெயில் விழுந்ததும்
ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்,
ஏச்சு வாங்கிய பிள்ளை
முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குள் வருகிற மாதிரி.

கம்பளைக்கு இறக்கிக்கொண்டு போனேன்.
மஹ்ரூப் முதலாளி கடை வாசலில் வைத்தே
இரண்டு முறை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்.
"பாருங்க டீச்சர், பூனைக்குட்டி மாதிரி."
உண்மைதான்.
கம்பளைச் சூட்டில் அதற்கு ஒரு நோவும் இல்லை.

முதல் முறை பிளக் மாற்றினார்கள்.
அடுத்த முறை பெற்றோல் பம்ப்.
மூன்றாம் முறை நான்கு நாள் வைத்திருந்து
கழுவிக் கொடுத்தார்கள்.
சீட்டில் மல்லிகை வாசம்.
வளைவில் நின்றது.

ரசீதின் பின்பக்கம்
எறும்பு ஊர்ந்த மாதிரி சிங்களத்தில் ஒரு வரி:
ஓட்டிப் பார்த்து, உள்ளபடியே திருப்தியுடன் ஏற்றுக்கொண்டேன்.
கீழே என் கையெழுத்து.
ஓட்டிப் பார்த்தது மெய்தான்,
பாலத்திலிருந்து பெற்றோல் செட் வரை,
பகல் ஒரு மணிக்கு.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வழி.
பொலிசில் என்ட்ரி போடு என்றார் கணக்கு சேர்.
பாவனையாளர் அதிகார சபைக்கு எழுது,
ரசீதில் மூன்று பிரதி எடு என்றாள் பிரமிளா.
மத்தியஸ்த சபை என்றார் ஒருவர்.
வழக்கென்றால் எத்தனை லீவு என்றார் அதிபர்.
லீசிங்காரன் மட்டும் வழி ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்தாம் தேதி தவறாமல்
குறுந்தகவல் அனுப்பினான்.

பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன்.
கடைசி வரி:
"குறையைக் கம்பளையில் தேடாதீர்கள். ஓரிரவு மேலே வாருங்கள்."

வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை.
மெல்லிய சேர்ட், ரப்பர் செருப்பு.
இருட்டோடு அவரே ஓட்டினார், நான் பக்கத்தில்.
முதல் வளைவில் "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு" என்றார்.
இரண்டாவதில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
மூன்றாவதில்
பிரேக்கை மிதித்தபடி
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
வெள்ளையாய் மூச்சு விட்டார்.
பால் கேனை ஓரமாக வைத்துவிட்டு
இரண்டு பேர் வந்து தள்ளினார்கள்.

தேநீர்க் கடையில் சொன்னார்:
"எங்க பாஸுக்கு இது பிடிபடாது டீச்சர்."
நாலு மாதத்தில் அவர் வாயில் வந்த முதல் நேர்ப்பேச்சு.
சிவப்புக் கார் ஒன்று தரலாம், இரண்டு வருஷம் கூடப் பழசு.
இல்லாவிட்டால் காசு, அறுபதாயிரம் கழித்து.
"இதைப் புத்தளம் பக்கம் தள்ளிருவேன்.
அங்க ஏது பனி, ஏது ஏத்தம்?
குறையே இல்லன்னு வைங்களேன்."

காசைக் கேட்டேன். அறுபதை முப்பதாக்கினேன்.
பிறகு பேனாவை நீட்டி
புது ரசீதின் முன்பக்கத்தில் எழுதச் சொன்னேன்:
குளிரில், ஏற்றத்தில் நிற்கும்.
"வாங்குற ஆள் ஒருநாள்
நுவரெலியா பார்க்க வருவாரே, பிள்ளைகளோட."
பேனாவைப் பார்த்தார், டீயைப் பார்த்தார்.
எழுதினார். சின்ன எழுத்து. ஆனாலும் வாசிக்கலாம்.
கீழே இறங்கும்வரை அந்தத் தாள் கிழியாமல் இருந்ததா,
தெரியாது.
பிரதி என்னிடம் இருக்கிறது.

இப்போது நானுஓயா பஸ்ஸில் நின்றபடி போகிறேன்.
மூன்றாவது வளைவு வரும்போது
என் வலது கால்
இல்லாத பிரேக்கைத் தேடுகிறது.