மூலைக்கு மூலை

ஏஜாக்ஸில், பொக்சிங் டே நெரிசலில்,
முப்பது திரைகளிலும் ஒரே பஞ்சவர்ணக்கிளி
ஒரே கிளையை விட்டுப் பறந்தபடி.

"கணக்குத்தாள் ஒன்று திறந்து காட்டும்" என்றாள் தர்மினி.
கடைப்பெடியன் முழித்தான்.

வளைந்ததா தட்டையா, எத்தனை ஹெர்ட்ஸ் —
நான் கண்விழித்துப் படித்த மூன்று இரவும்
அந்தக் கிளியோடு போயிற்று.
அவள் கைப்பையில் தையல் நாடா இருந்தது.
இருபத்தேழு என்பது மூலைக்கு மூலையாம்;
அகலம் இருபத்துநாலு.
ஹீட்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே எங்கள் மேசை
இருபத்துமூன்றரை.

மூட்டை இப்போது கட்டிலுக்கடியில்.

இரவு பதினொன்று. வெளியே பனிவாரி உறுமுகிறது.
ஜனவரி முதல் டிசம்பர் வரை
முதன்முறையாக உருட்டாமல் தெரிகிறது வருஷம்,
கடைசிக் கட்டத்துச் சிவப்போடு.

"நிறம் நல்ல துல்லியம்" என்றேன்.
தர்மினி சிரிக்கவில்லை.
வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.