மெட்டுக்குக் கீழே, இரவுப் பணி

மூன்றாவது வளைவோடு போன் செத்துவிடும்.
அதற்குள் ஜீப்காரன் சொல்லி முடித்தது இவ்வளவுதான்:
"ஏலத்தோட்டத்துல மருந்தடிச்ச ஆளு, வாயில நொரை."
எந்த மருந்து என்று நான் கேட்டது
மலைக்கு இந்தப் பக்கமே நின்றுபோனது.

மொக்கராசு. முப்பத்தாறு வயது.
கண்மணி இரண்டும் கடுகாய்ச் சுருங்கியிருந்தன.
சட்டையைக் கத்தரித்தோம்; பூண்டு நாற்றம்.
சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்க
தோளில், தொடையில், கன்னத்தில்
புற்றைக் கலைத்தாற்போல் தோலுக்கடியில் ஒரு துடிப்பு.
"குளுருதா சிஸ்டர் அவருக்கு?" என்றாள் பவுன்தாயி.

குளிரில்லை.

நரம்பு தசையைத் தொடுவதில்லை, பவுனு.
நடுவே ஒரு சந்து,
தலைமயிரை ஆயிரமாய்ப் பிளந்த ஒடுக்கம்.
மின்சாரம் கரைவரைதான் வரும்.
அங்கே பொடிப்பொடிப் பைகள் வாய்திறந்து
அசிட்டைல்கோலின் என்றொரு சரக்கைக் கொட்டும்.
அது நீந்திப்போய் அக்கரைப் பூட்டில் விழுந்தால்
சுண்டுவிரல் மடங்கும்,
உன் பெயரைக் கூப்பிட நாக்கு புரளும்.

சொன்னால் மட்டும் போதாது,
சொன்னதை உடனே அழிக்கவும் வேண்டும்.
அதற்கென்று அந்தச் சந்திலேயே ஒரு நொதி;
விழுந்ததையெல்லாம் அறுத்துத் தள்ளும்.
அறுந்த பாதியை இக்கரை திரும்ப அள்ளிக்கொள்ளும்,
காலையில் மெட்டு ஏறிய ஜீப்
பொழுதுசாய உங்களை அள்ளி வருகிற மாதிரி.

அந்த நொதியின் கையைத்தான்
மருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.
ஒரேயொரு முறை சொன்ன மடங்கு
இப்போது அவர் உடம்பெங்கும்
மடங்கு மடங்கு மடங்கு

இதில் ஒரு சொல்லையும் அவளிடம் நான் சொல்லவில்லை.
ஐந்து நிமிடத்துக்கொருமுறை அட்ரோபினை இரட்டித்தோம்.
அது எதையும் அழிக்காது.
பூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்,
சாவி நுழையாதபடி.
நெஞ்சு வறண்டு, சளச்சளப்பு நின்றது.
துடிப்பு நிற்கவில்லை; தசையின் பூட்டு வேறு.
அதற்கு வேறு ஊசி. அதையும் போட்டாயிற்று.

இரண்டரைக்கு மேலேயிருந்து போன்,
சூப்பர்வைசர் பென்னிச்சன்.
"பேரு அறியில்ல சிஸ்டரே, லேபல் போயி."
கொஞ்சம் மூச்சு. "அவனு எங்ஙனெயுண்டு?"
நான் வாயெடுப்பதற்குள் துண்டித்துப்போனது.

விடிகையில் தொடை அடங்கியது. அப்புறம் கன்னம்.
இடது கை மோதிரவிரல் மட்டும்
இன்னும் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தது.
பவுன்தாயி அதை உள்ளங்கையில் பொத்தி
"கேட்டுருச்சு" என்றாள்.
"கேட்டுருச்சுய்யா, விடு."