வியாழன்கள்

என் எண் முந்நூற்றெண்பத்தேழு.
மூன்று நாற்பதுக்கு என் முறை.
அதுவரை திரையில் இடங்கள் குறைவதைப்
பார்த்துக்கொண்டிருக்கலாம்,
காப்பி ஆறுவதையும்.

தோல் மருத்துவம் காலை பத்துக்குள் தீர்ந்துவிட்டது,
அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டி மாதிரி.
கண்ணும் போயிற்று.
இரவில் யாரும் எழுப்பாத உறுப்புகளுக்கு
எப்போதும் கூட்டம் அதிகம்.

எனக்கு மிஞ்சப்போவது இரண்டு என்று
நானும் ஹெர்மீனியோவும்
சமையலறையிலேயே முடிவுசெய்திருந்தோம்.
மகப்பேறு. இல்லையென்றால் நோய்க்குறியியல்.
அவன் கணக்கு வாத்தியார்; கட்டம் போட்டான்.
மாதத்துக்கு எத்தனை இரவுப் பணி,
எத்தனை ஞாயிறு,
நாற்பது வயதில் முதுகின் கதி என்ன.
கடைசிக் கட்டத்துக்கு நான்தான் தலைப்பு எழுதினேன்:
வியாழன்.

வியாழன் இரவு ஒன்பதுக்கு
எங்கள் ஊர் வாத்தியக் குழுவின் ஒத்திகை.
நான் டியூபா ஊதுகிறவள்.
பதினொரு வயதில் மடியில் ஏறியது,
இன்னும் இறங்கவில்லை.
மகப்பேறு வரிசையில் வியாழனுக்கு நேரே
'பாதி' என்று எழுதினான் ஹெர்மீனியோ.
கொஞ்சம் யோசித்து
அதையும் அழித்தான்.

கட்டத்தில் அடங்காதது:
மார்ச்சில், வியானாவில், அதிகாலை மூன்றேகால்.
தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை.
உன் கைதான் சின்னது, நீ போ என்றார்
டாக்டர் ஃபெலிஸ்பெர்த்தா.
உள்ளே. இன்னும் உள்ளே. முதுகுப் பக்கம்.
அகப்பட்டது ஒரு கை,
என் விரலைவிடக் கொஞ்சம் பெரிது, வழுக்கும் வெதுவெதுப்பு.
வளைத்து இழுத்தேன்.
நீலமாய் வந்தது.
அறையில் எல்லாரும் நிறுத்தியிருந்த மூச்சை
அது ஒன்றுதான் தொடங்கியது.
பிறகு ஃபெலிஸ்பெர்த்தா நடைபாதைத் தரையில் உட்கார்ந்து
ஆறிப்போன பால்சோற்று டப்பாவைத் திறந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கரண்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

மறுதட்டில் அமதேவு.
ஐந்தரைக்குக் கோட்டைக் கழற்றிவிடுகிறவன்.
படகு வைத்திருக்கிறான், தக்காளி போடுகிறான்.
கண்ணாடித் தகடு அழுவதில்லை,
நள்ளிரவில் அழைப்பதில்லை என்பான்.
ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை,
முகம் தெரியாத முப்பத்திரண்டு வயதிலிருந்து வெட்டிய
ஒரு துணுக்கைப் பார்த்துவிட்டு
காரைக் கிளப்பாமல்
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.
அந்த ஒரு மணியை
எந்தக் கட்டத்தில் போட என்று கேட்டேன்.
கணக்கு வாத்தியார் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மூன்று முப்பத்தெட்டு.
வியானாவில் மகப்பேறு: ஒன்று.
மூன்று முப்பத்தொன்பது.
பூஜ்யம்.
முந்நூற்றெண்பத்தாறு எடுத்துக்கொண்டது,
அது யாரோ.
பிரகான்சாவில் ஒன்று மிச்சமிருந்தது;
மலைகளுக்கு அப்பால், காரில் மூன்று மணி நேரம்.
நான் மூச்சு விட்டேன்.
ஏமாற்றமா, நிம்மதியா,
அதை மட்டும்
இன்னும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை.
நோய்க்குறியியலை அழுத்தினேன்.

பிப்ரவரி. வெளியே மழை.
வியாழன், முழுசாக, என்னுடையது.
டியூபாக்காரியின் வேலை பாதிக்கு மேல் எண்ணுவது.
இருபத்தேழு தாளவட்டம் சும்மா இருந்து
இருபத்தெட்டில் ஊதவேண்டும்.
பத்தொன்பதில் யாருடைய போனோ அதிர்ந்தது.
என் கை இடுப்புக்குப் போனது.
அங்கே ஒன்றுமில்லை.
கை திரும்புவதற்குள் எண்ணிக்கை போய்விட்டது.
குத்துமதிப்பாக ஊதினேன்.

கிளாரினெட் கிராசியெத்தே மட்டும் திரும்பினாள்,
ஆறு மாத வயிற்றோடு மெதுவாக.
ஐந்து விரலைக் காட்டினாள்.
மே மாதம் என்றா,
ஐந்து வட்டம் முந்திவிட்டாய் என்றா,
தெரியவில்லை.