தொண்ணூற்றெட்டு கிலோ

டர்பன், பேஹெட் பட்டறை, சனிக்கிழமை.
வடகிழக்குக் காற்று. உப்பும் பழைய எண்ணெயும் நாறும் முற்றத்தில்
டிரெய்லர்கள் மேல் படகுகள்,
பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வாய் பிளந்தவர்கள் மாதிரி.

சாக்ரன் கையில் அளவுநாடா.
அகலம் இரண்டரை மீட்டர். ரொம்ப மீறினால்
சாலையில் இழுக்கத் தனி அனுமதி வேண்டும்.
சாட்ஸ்வர்த் வீட்டு கேட்டின் அகலம் அவன் உள்ளங்கையில்
பேனாவில் எழுதியபடி, வியர்வையில் கரைந்துகொண்டு.
எங்கள் பக்கி இரண்டரை டன் இழுக்கும்.
இந்த ஊரில் வண்டிக்குத்தான் அந்தப் பெயர்,
யாரையும் திட்டவில்லை.

முதலில் ஒன்று, வெள்ளை வெளேரென்று.
பெட்ரோல் எஞ்சின். மெத்தைக்கு நீலப் பட்டி.
தரைப்பலகையைத் தூக்கினேன், மோந்தேன், மூடினேன்.
கேஸ் அடுப்பும் அந்த வாடையும் நானும்
ஒரே அறையில் தூங்க முடியாது.
டீசல் சிந்தினால் வழுக்கும், அவ்வளவுதான்.
சட்டென்று வெடித்துக் கோபப்படாது.
முப்பத்தொரு வருஷம் லாரிக்கு அடியில் கிடந்தவனைக் கட்டிய எனக்கு
அந்த நாற்றம் தலையணை உறைவரை பழக்கம்.

விற்கிற வான் ரூயன் அவனிடமே பேசினார்,
எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது,
அணையில் போட்டதா, கடலில் போட்டதா.
என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
சமையலறை பிடித்திருக்கிறதா, மேடம்?
பிடித்திருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
உட்கார்ந்தே ரசம் வைக்கலாம்.

அது மூன்றாவது படகு. அவலட்சணம்.
தவிட்டு நிறம், மழுங்கிய மூக்கு,
பெயர் இருந்த இடத்தில் சுரண்டிய தழும்பு.
தண்ணீர்க் குழாயைச் செருகி எஞ்சினைக் கிளப்பியதும்
டக், டக், டக்,
வேலைக்குப் போக அவசரமில்லாத ஒருவர் மாடிப்படி ஏறுவதுபோல.
சாக்ரன் கண்ணை மூடிக் கேட்டான்.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
போன புரட்டாசியில் அவன் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட
டாக்டரின் முகம்.
இரண்டு ஸ்டென்ட்.

அதனால்தான் சொன்னேன்: படு.
எங்கே?
தண்ணீரில் விழுந்துவிட்டாய். நினைவில்லை. படு.

படகில் பாசி வரைந்த தண்ணீர்க்கோடு முழங்காலுக்கு மேல்.
அந்த உயரத்துக்கு மரத்தட்டுகளை அடுக்கினேன்.
அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
வான் ரூயனிடம் கொடுத்துவிட்டு மல்லாந்தான்.
செத்தவன் கண்ணாடியைக் கழற்றித் தரமாட்டான் என்றேன்.

இதன் பின்சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது.
மற்ற இரண்டிலும் இல்லை.
அக்குளில் கயிறு. நாலு மடிப்புக் கப்பி.
தொண்ணூற்றெட்டு கிலோ,
அதில் ஒரு கிலோ நேற்றைய பிரியாணி.
இழுத்தேன். கால் வழுக்கியது. மறுபடி.
சிரித்துக்கொண்டிருந்த வான் ரூயன்
சிரிப்பை விட்டுவிட்டு உதவ வந்தார்.
தள்ளி நில்லுங்கள்.
கடலில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

தோள் வந்தது. ஒரு பொத்தான் தெறித்தது.
இடுப்பு கதவில் மாட்டிக்கொண்டு
ஒரு கணம் அவன் நிஜமாகவே கனத்தான்,
எனக்குக் கொஞ்சமும் ஒத்தாசை செய்யாத கனம்.
பிறகு மொத்தமாய் என் மடியில் விழுந்தான்.
போதும், எழுந்திரு என்றேன்.
அவன் இன்னும் கொஞ்ச நேரம் செத்திருந்தான்.

இப்போது நீ படு என்றான்.
நான் விழமாட்டேன் என்றேன்.
விழுந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்றான்.
எனக்கு ஓர் இடுப்புக் கயிறு வாங்குவதாக முடிவாயிற்று.
தலை இடித்ததற்காக
எட்டாயிரம் ராண்ட் குறைத்தேன்.

வீட்டு ஏற்றத்தில் பின்னோக்கித் தள்ளி நிறுத்த முக்கால் மணி நேரம்.
கேட்டின் அகலத்தை அளந்தவன்
முற்றத்தின் நீளத்தை அளக்கவில்லை.
மழுங்கிய மூக்கு ஒரு சாண் தெருவில்.

அன்றிரவு மின்வெட்டு.
முன்பக்க முக்கோணப் படுக்கையில் ஏறிப் பார்த்தோம்.
தலைமாட்டில் இடம் தாராளம், கால்மாட்டில் சண்டை.
ஒருவர் புரண்டால் மற்றவரும் புரண்டாக வேண்டும்.
மூன்று முறை புரண்டோம்.

ரிச்சர்ட்ஸ் பேவுக்கு எப்போது, கோகி?
முதலில் கேட்டை நகர்த்து.