ரிவர்ஸ் கியர்

ஆர்னால்டிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும்.
பதினாறு வயதில் எடுத்தது, மடிப்பெல்லாம் கிரீஸ்.
அதை வைத்தே மூன்று சக்கரக் கார் ஓட்டலாம்,
ஒன்றே ஒன்று:
வண்டி பின்னால் போகக் கூடாது.

ஹாலிஃபாக்ஸில் கடை வைத்திருந்த கிராப்ட்ரீ
ரிவர்ஸ் விழாதபடி ஒரு தகட்டை வைத்துத் திருகினார்.
"இது போதும் சட்டத்துக்கு, மிஸஸ் ஓல்ட்ராய்ட்.
இனி உங்கள் வீட்டுக்காரருக்கு
முன்னேற மட்டும்தான் உரிமை."
சிரித்தோம். ஐம்பத்தெட்டு, மார்ச்.

பைக்கின் பக்கப்பெட்டியில் ஆறு வருடம் நனைந்தவள் நான்.
தலைக்கு மேல் கூரை என்றதும்
வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.
முட்டை மாதிரி வண்டி. ஒரே கதவு,
அதுவும் முகத்தில்.
கசாப்புக் கடைக் குளிர்பெட்டி போல
முன்பக்கம் முழுக்கத் திறக்கும்,
ஸ்டியரிங்கும் கூடவே போகும்.

நவம்பரில் ஒரு ஞாயிறு
நானும் ஓட்டக் கற்கிறேன் என்றேன்.
"எதுக்கு? எங்கே போகப் போறே?" என்றான்.
பிறகு இன்னொன்றும் சொன்னான்,
அதை இங்கே எழுத மாட்டேன்.
சொன்ன வேகத்திலேயே
தேவாலயச் சுவரில் மூக்கு உரச வண்டியை நிறுத்தினான்.

கதவைத் தள்ளினான்.
இரண்டு விரல் திறந்து கல்லில் முட்டியது.
"பின்னால எடு" என்றேன்.
சொன்ன பிறகுதான்
இருவருக்கும் நினைவு வந்தது.

கால் மணி நேரம் சுவரைப் பார்த்தோம்.
கறுத்த கல், அதில் ஒரு நத்தை,
மழை.
"வர்ற வழியில சொன்னேனே, அது..." என்று இழுத்தான்.
"அதுக்கும் ரிவர்ஸ் கிடையாது, ஆர்னால்ட்."

கூரைத் துணியை விலக்கி முதலில் வெளியே வந்தது
என் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி.
பாடகர் குழுப் பையன்கள் கைதட்டினார்கள்.
அதில் ஒருவன், கிளிஃபோ கிளைவோ,
பின் பம்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொன்னான்:
"பிப்ரவரியில எனக்குப் பதினாறு.
இதை நானும் ஓட்டலாம், தெரியுமா?
நாலு சக்கரத்துக்குத்தான் பதினேழு ஆகணும்."
அவனுக்குச் சட்டம் முழுக்க மனப்பாடம்.
எனக்கு முப்பத்தொன்று.

மே மாதம், பயிற்சிப் பள்ளியின் மாரிஸ் கார்.
தெருமுனையில் பின்னோக்கித் திருப்பச் சொன்னார் தேர்வாளர்.
தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.
கண்ணாடியில் வீடுகள், ஒரு பால்காரர்,
கடந்து வந்த தெரு முழுதும்
மெதுவாக என்னிடம் வந்தது.
இன்னும் கொஞ்சம் போகலாமா என்று கேட்டிருப்பேன்.

கிராப்ட்ரீ திருப்புளியைத் துடைத்தார்.
"தகட்டை எடுத்தா உங்களுக்குச் சரி,
அவர் ஓட்டினா குற்றம். யோசிச்சுக்கங்க."

ஆர்னால்ட் தேநீரை முடிக்கும் வரை பேசவில்லை.
கோப்பைக்குள் பார்த்தபடி
"எடுங்க" என்றான்.

ஒரே கதவு அல்லவா,
அவன் முதலில் ஏறி
அந்தப் பக்கமாக நகர்ந்து
உட்கார வேண்டியிருந்தது.