பத்து கிராம் நரம்பு

ரெஜினாள் நர்ஸ் பையிலிருந்து எடுத்ததும்
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பேனா மாதிரி ஒன்று, முனையில் ஒரு விரற்கடை நைலான்.
"இதுல என்னம்மா பிடிக்கப் போற, சீலாவா?"
நாற்பது வருசமாய் நான் தூண்டிலில் முடிகிற
அதே சாதி நரம்பு.

நம்புத்தாயைக் கண்ணை மூடச் சொன்னார்.
பெருவிரலில் வைத்து, வளையும்வரை அழுத்தினார்.
"தெரியுதாக்கா?"
"நீ இன்னும் வைக்கலையே தாயீ."
முன்பாதத்தில். "ம்ஹூம்."
சுண்டுவிரல் அடியில்.
"வையி, வையி, வச்சா சொல்றேன்."
அங்கேதான் என் சிரிப்பு நின்றது.

குருசடைத் தீவைச் சுற்றி
மார்பளவுத் தண்ணீரில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கையில்
எந்தப் பார் வழுக்கும், எந்தப் பார் கிழிக்கும் என்று
கண்ணுக்கு முன்னால் கண்டுகொண்ட கால் அது.
பதினோரு வருசச் சர்க்கரை
சத்தமில்லாமல் நரம்பை அறுத்திருக்கிறது.

"வெந்நீரை உங்க கையால பதம் பாக்காதீங்கண்ணே" என்றார் நர்ஸ்.
கயிறு தின்ற கை. சூடும் குளிரும் அதற்கு ஒன்றுதான்.
முழங்கையை விட்டுப் பார்க்கிறேன்.
விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது,
பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்கிறேன்.
எண்ணெய் உள்ளங்காலுக்கு; இடுக்குக்குக் கிடையாது.
சவரக் கண்ணாடியைத் தரையில் சாய்த்தால்
குதிகாலின் வெடிப்பு
வற்றுக் கடலின் சேறுபோல் தெரியும்.

முதல் வாரம்,
"காலைத் தொடாத, பாவம் எனக்குத்தான்" என்று இழுத்துக்கொண்டாள்.
அடுத்த வாரம் சீரியல் பார்த்தபடியே நீட்டினாள்.
அதற்கடுத்து, "இன்னைக்கு என்ன, லேட்டு?"

வைகாசியில் ஒருநாள் செருப்பைக் கவிழ்த்துத் தட்டினேன்.
சிப்பித் துண்டு ஒன்று விழுந்தது,
துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிசு.
எப்போதிருந்து என்றேன்.
ரேஷன் கடைக்குப் போனதையும்
பாம்பன் சந்தைக்குப் போய் வந்ததையும் எண்ணிப் பார்த்தாள்.
எண்ணி முடிக்கவில்லை,
இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

நான் வடகடலில் தங்கும் இரவுகளில்
அவளே படம் எடுத்து அனுப்புவாள்.
'இலங்கை உங்களை வரவேற்கிறது' என்ற குறுஞ்செய்திக்குப் பின்னால்
மெல்ல மெல்ல ஒரு பாதம் வந்து இறங்கும்.
"யாரு காலுண்ணே?" எட்டிப் பார்ப்பான் கிளாட்வின்.
"எங்க வீட்டு வானிலை அறிக்கைடா."

இன்றைக்கு வந்த படத்தில்
சுண்டுவிரல் அடியில் சிவப்பாய் ஒரு வட்டம்.
புண்ணா, நிழலா, கொசுவத்தித் தணலா?
விரித்துப் பார்த்தால் கட்டம் கட்டமாய் உடைகிறது.
"பெருவிரலால அழுத்திட்டு இன்னொண்ணு எடு, வெளுக்குதா பாரு.
விடிஞ்சதும் ரெஜினாள்கிட்ட போ.
ஆட்டோவுல போ. வெறுங்கால்ல போகாத."

ஒற்றை டிக்.

"இழுக்கலாமாண்ணே?" என்கிறான் கிளாட்வின்.
கீழே ஏதோ கனமாய் மாட்டியிருக்கிறது.
விரலில் சுற்றிய நரம்பு சதைக்குள் இறங்குகிறது.
வலிக்கிறது, எனக்குத் தெரிகிறது.

இன்னும் ஒற்றை டிக்.